நுண்குழிகளுக்கிடையே கசிவு: ஒரு கலத்தின் ஆர்.என்.ஏ அடுத்த கலத்தின் கணக்கில் ஏறுவது எப்படி?

ஆயிரக்கணக்கான கலங்களை நுண்குழிகளில் தனித்தனியே பிரித்து ஒவ்வொன்றின் ஆர்.என்.ஏயையும் வாசிக்கும் முறை ஒன்று உண்டு. அப்படி வாசித்த பி நிணநீர்க்கலம் ஒன்றின் தரவைத் திறந்தால் ஈமோகுளோபின் மரபணுவின் ஆர்.என்.ஏ மூலக்கூறுகள் எட்டுப் பத்து அதற்குள் கிடக்கின்றன. பி கலம் ஈமோகுளோபின் செய்யும் கலமல்ல. அப்படியானால் அவை எங்கிருந்து வந்தன? அடுத்த குழியிலிருந்து கசிந்திருக்கலாம். மாதிரியிலேயே உடைந்து மிதந்த செங்குருதிக் கலத்தினுடையதாக இருக்கலாம். இரண்டு கலங்கள் ஒரே குழியில் விழுந்திருக்கலாம். எல்லாம் ஒரே குழாயில் சேர்ந்த பிறகு, டி.என்.ஏயைப் பெருக்கும் பி.சி.ஆரில், எது எந்தக் கலத்தினுடையது என்று காட்டும் டி.என்.ஏ அடையாளமாகிய பார்கோட் மாறி ஒட்டியிருக்கவும் கூடும். மேலோட்டமாகப் பார்த்தால் தரவில் நான்கும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் நான்குக்கும் பரிகாரம் வேறு. வழக்கமாக முதற் பழி குழிகளை மூடும் மென்சவ்வின் மேல் விழுகிறது. பல தடவை அது வீண்பழி. ஆகவே எங்கே கசிந்தது என்று தேடுவதற்கு முன் எந்த நிமிடத்தில் கலந்தது என்று கேட்பது நல்லது. கலம் கரைசலில் மிதக்கும் நேரம், குழிக்குள் அமரும் நேரம், உடையும் நேரம், ஆர்.என்.ஏயைப் பிடிக்கும் நுண்ணிய மணியோடு வெளியே வரும் நேரம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கதவு உண்டு.

கருவியைச் சுருக்கமாகப் பார்ப்போம். சிலிக்கோன் இறப்பராகிய பி.டி.எம்.எஸ் தகட்டில் ஏறத்தாழ 50 மைக்ரோமீற்றர் அகலமும் ஆழமும் கொண்ட குழிகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். 2017இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி குழுவினர் வெளியிட்ட செக்-வெல் முறையில் நுணுக்குக்காட்டிக் கண்ணாடி வழுக்கி அளவான ஒரு தகட்டில் ஏறத்தாழ 86,000 குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு மணி இருக்கும். மணியின் மேல் பத்துக் கோடிக்கு மேற்பட்ட டி.என்.ஏ இழைகள், ஒரு மணியின் இழைகளெல்லாம் ஒரே பார்கோட்டைச் சுமக்கும். கலம் குழிக்குள் விழ, மேலே மூடி, கலத்தை உடைத்தால் அதன் தூது ஆர்.என்.ஏ அதே குழி மணியில் ஒட்டும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு, ஆனால் ஒன்றில் அள்ளிய வாளியின் மிச்சத்தை மற்றதில் ஊற்றினால் எது எதன் சூடு என்று பிறகு சொல்ல முடியாது.

செக்-வெல்லை இங்கே முன்னுதாரணமாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. அதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. கலங்கள் புவியீர்ப்பால் தாமாகக் குழிக்குள் இறங்கும். வெப்பப்பெட்டி, கிளாம்ப், பிப்பெட், நுணுக்குக்காட்டி இருந்தால் மாதிரி எடுத்த ஊரிலேயே முக்கியமான கட்டத்தை முடிக்கலாம். திருகோணமலையில் எடுத்த குருதியை, கலங்களை நுண்ணிய நீர்த்துளிகளில் பிரிக்கும் துளி இயந்திரம் இருக்கும் நகரம் வரை உயிரோடு கொண்டுபோவதைவிட, மணியில் ஒட்டிய டி.என்.ஏவாக மாற்றிப் பனிப்பெட்டியில் அனுப்புவது பல மடங்கு பாதுகாப்பு. ஆனால் எளிய கருவி என்றால் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கை பார்க்க வேண்டும். கசிவுக்கு எதிரான வேலையும் அதில் அடக்கம்.

ஒரு சிறு கணக்கு

50 மைக்ரோமீற்றர் கனவடிவக் குழியின் கொள்ளளவு 125 பிக்கோலீற்றர். அதில் அமரும் 12 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள கலத்தின் கனவளவு ஒரு பிக்கோலீற்றருக்கும் சற்றுக் குறைவு. கலத்தில் 3 இலட்சம் தூது ஆர்.என்.ஏ மூலக்கூறுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் மிதக்கும் ஆர்.என்.ஏ. 10,000 கலங்களை 200 மைக்ரோலீற்றர் கரைசலில் ஏற்றுகிறோம். அவற்றில் நூற்றுக்கு ஐந்து, அதாவது 500 கலங்கள், ஏற்கெனவே உடைந்து உள்ளடக்கத்தைக் கரைசலில் கொட்டிவிட்டன. அந்தக் கரைசலில் 125 பிக்கோலீற்றர் ஒரு குழிக்குள் போனால் அதோடு 90க்கு மேற்பட்ட அந்நிய மூலக்கூறுகள் போகும். மணி பத்தில் ஒன்றைப் பிடித்தாலும் ஒன்பது. மேலே சொன்ன எட்டுப் பத்து ஈமோகுளோபின் மூலக்கூறுகளுக்கு மூடியைக் குற்றம் சொல்லவே தேவையில்லை.

இனி மூடிக் கசிவு. சதுர அடுக்கில் ஒரு குழியைச் சுற்றி எட்டுக் குழிகள். 86,000 குழிகளில் 10,000 கலங்கள் என்றால் ஒரு குழிக்குச் சராசரி 0.116 கலம், எட்டு அயலிலும் சேர்த்து ஏறத்தாழ ஒரு கலம் இருக்கும். அந்த ஒற்றை அயற்கலம் தன் ஆர்.என்.ஏயில் நூற்றில் ஒரு பங்கைக் கசியவிட்டாலே 3,000 மூலக்கூறுகள். மிதக்கும் ஆர்.என்.ஏயைவிட முப்பது மடங்கு. ஆகவே இரண்டும் ஒரே வகைத் தொல்லையல்ல. மிதக்கும் ஆர்.என்.ஏ எப்போதும் இருக்கும், சிறிதாக இருக்கும், தகடு முழுதும் சமமாகப் பரவியிருக்கும். மூடிக் கசிவு எப்போதாவது நடக்கும். நடந்தால் பெரிதாக, தகட்டின் ஒரு மூலையில் மட்டும் நடக்கும்.

மூன்றாவது, ஒரே குழியில் இரண்டு கலங்கள். இது கசிவேயல்ல, ஏற்றும் செறிவின் விளைவு. சராசரி 0.116 என்றால், கலமுள்ள நூறு குழிகளில் ஏறத்தாழ ஆறு குழிகள் இரண்டோ அதற்கு மேலோ கலங்களைக் கொண்டிருக்கும் என்பது, தற்செயலாக விழுபவற்றின் எண்ணிக்கையைச் சொல்லும் புவசோன் பரம்பலிலிருந்து நேரே வரும். கலங்களை இரட்டிப்பாக்கினால் இதுவும் கிட்டத்தட்ட இரட்டிக்கும். மாதிரி அரியது என்று நெருக்கி ஏற்றுபவர்கள் கடைசியில் மென்பொருளில் கழிப்பதும் அதே கலங்களைத்தான்.

ஏற்றுவதற்கு முன்

மிதக்கும் ஆர்.என்.ஏயைக் குறைக்கக் கலங்களைக் கழுவ வேண்டும். வழக்கம்: 300 மடங்கு புவியீர்ப்பில் 5 நிமிடம் மையநீக்கம், மேற்கரைசலை எடுத்தல், 0.04 சதவீத மாட்டுச் சீர அல்புமின் சேர்த்த பொசுபேற்றுத் தாங்கல் கரைசலில் மெதுவாகக் கலக்குதல், 40 மைக்ரோமீற்றர் வடியில் வடித்தல். ஒரு மில்லிலீற்றரில் 50 மைக்ரோலீற்றர் மிச்சம் விட்டுப் புதிதாக நிரப்பினால் ஒரு கழுவலில் 20 மடங்கு ஐதாகும். இரண்டில் 400 மடங்கு. மூன்றாவது கழுவல் கணக்குக்கு நன்றாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு சுழற்றலும் புதிதாகக் கலங்களை உடைக்கும். இரண்டோடு நிறுத்துவது நல்லது. உயிருள்ள கலங்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் கீழே என்றால் ஏற்றுவதற்கு முன் இறந்த கலங்களை நீக்கும் காந்த மணித் தொகுதியைப் பயன்படுத்துவது செலவானாலும் பலன் தரும்.

வெப்பம் இங்கே கணக்கில் வரும். பகலில் 30 பாகைக்கு மேல் போகும் ஊரில் வைத்தியசாலையிலிருந்து ஆய்வுகூடம் வரை முச்சக்கர வண்டியில் வரும் குருதிக் குழாய், வாகனத்தின் முன்தட்டில் வெயில் படக் கிடந்தால், கலங்கள் வழியிலேயே உடையத் தொடங்கும். பனிக்கட்டியில் நேரே புதைப்பதும் பிழை. செங்குருதிக் கலங்கள் உறைந்து வெடித்தால் ஈமோகுளோபின் தூது ஆர்.என்.ஏ எல்லாக் குழிக்கும் போகும். குழாயைத் துணியில் சுற்றிக் குளிர்ப்பைகளுக்கிடையே வைத்துக் கொண்டுவர வேண்டும்.

கடல்வாழ் உயிரினங்களில் ஈடுபாடுள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புறாமலைத் தீவைச் சுற்றியுள்ள முருகைக்கல் போன்ற முள்ளந்தண்டிலிகளின் கலங்கள் கடல்நீரின் சவ்வூடுபரவல் செறிவுக்குப் பழகியவை. அது கிலோவுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிஒசுமோல். பொசுபேற்றுத் தாங்கல் கரைசலோ 300க்குக் கீழே. அதில் கழுவினால் கலங்கள் நீரை உறிஞ்சி வீங்கி உடையும். கழுவுவதாக நினைத்துக்கொண்டே மாசை நாமே செய்துவிடுவோம். கல்சியமும் மகனீசியமும் நீக்கிய செயற்கைக் கடல்நீரில்தான் கழுவ வேண்டும். என்புமீன்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. அவற்றின் குருதியின் செறிவு கடல்நீரைவிட மிகக் குறைவு. (புறாமலை 2003இலிருந்து தேசிய பூங்கா. அங்கிருந்து எதையும் எடுப்பதற்கு முன் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.)

குழிக்குள் இறக்குதல்

பி.டி.எம்.எஸ் இயல்பாக நீரை விலக்கும். வெறுமனே கரைசலை ஊற்றினால் குழிகளுக்குள் காற்று அடைபட்டு நிற்கும். காற்றுள்ள குழியில் கலம் இறங்காது, மணியும் இறங்காது. இதற்கு முன் தகட்டை ஒட்சிசன் பிளாஸ்மாவில் (மின்னேற்றம் பெற்ற ஒட்சிசன் வாயுவில்) வைத்தால் மேற்பரப்பில் நீரை விரும்பும் சிலனோல் கூட்டங்கள் உருவாகி நீர் பரவும். இந்த மாற்றம் நிலையானதல்ல. காற்றில் விட்டால் மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் பழைய நீர்விலக்கும் குணம் திரும்பும். பிளாஸ்மா முடிந்தவுடன் தகட்டை நீருக்குள் அல்லது தாங்கல் கரைசலுக்குள் வைத்துவிட வேண்டும். காற்றுக் குமிழ் இருந்தால் எதனோலால் முதலில் நனைத்து, பிறகு நீரால் மாற்றி, வெற்றிடக் கலனில் சில நிமிடம் வைத்தால் குமிழ்கள் மேலே வரும்.

பிறகு மணிகள். குழிகளைவிடச் சற்றுக் கூடுதலாக, 86,000 குழிக்கு 110,000 மணி என்ற அளவில் ஏற்றுவது செக்-வெல் வழக்கம். மிச்ச மணிகளைக் கழுவி எடுப்பதில்தான் கவனம் தேவை. குழிகளுக்கிடையேயான வரப்பில் ஒரு மணி கிடந்தாலோ, ஒரு குழியில் இரண்டு மணிகள் ஒன்றின்மேல் ஒன்றாக நின்று விளிம்புக்கு மேலே தலை நீட்டினாலோ, மூடி அங்கே கூடாரம்போல் தூக்கி நிற்கும். உடைந்த மணித்துண்டுகள் இன்னும் மோசம். கூரிய விளிம்பு மென்சவ்வைக் குத்தும். நுணுக்குக்காட்டியின் 4 மடங்கு வில்லையில் தகட்டின் ஒவ்வொரு மூலையையும் பார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகக்கூடாது.

கலங்களை ஏற்றிப் பத்து நிமிடம் விட்டால் இறங்கிவிடும். வரப்பில் தங்கிய கலம் மணியைவிட ஆபத்தானது. அது எந்தக் குழிக்கும் சொந்தமல்ல. உடையும்போது மூடிக்கடியில் உள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் உடைந்து சுற்றியுள்ள எல்லாக் குழிகளுக்கும் பங்கு வைக்கும். தகட்டைச் சரித்துப் பிடித்து மேல் விளிம்பிலிருந்து மெதுவாகத் தாங்கல் கரைசலை ஓடவிட்டு நான்கு முறை கழுவுவது இதற்காகத்தான். இந்தக் கழுவலில் மிதக்கும் ஆர்.என்.ஏயும் ஒரு பங்கு போகும்.

இங்கே ஒரு முரண்பாடு ஒளிந்திருக்கிறது, பலருக்கும் காலை வாரிவிடுவது அதுதான். கலங்களைக் காக்க அல்புமினோ கன்றுச் சீரமோ சேர்க்கிறோம். அதே புரதம் தகட்டின் வரப்பில் படிந்தால் மென்சவ்வு ஒட்டாது. ஆகவே ஏற்றும்வரை புரதம் வேண்டும். மூடுவதற்கு முன் புரதம் ஒரு துளியும் இருக்கக்கூடாது. கடைசிக் கழுவலைப் புரதமில்லாத கரைசலில் செய்து, சீரம் சேர்க்காத ஊடகத்தில் சில நிமிடம் தகட்டை ஊறவிட்டு மூட வேண்டும். "நேற்று நன்றாக ஒட்டியது, இன்று ஒட்டவில்லை" என்ற முறைப்பாட்டில் பாதிக்கு மேல் இந்தக் கழுவலைச் சுருக்கியதன் விளைவு.

மூடுதல்

கலம் உடைவதற்கு முன் மூடு. இந்த ஒழுங்கு தலைகீழானால் வேறு எதையும் சரிசெய்து பயனில்லை. ஏனென்பதற்குப் பரவலின் வேகம் போதும். சில ஆயிரம் எழுத்து நீளமுள்ள தூது ஆர்.என்.ஏயின் பரவல் குணகம் நீரில் செக்கனுக்கு ஏறத்தாழ 10 சதுர மைக்ரோமீற்றர். 50 மைக்ரோமீற்றர் தூரத்தைக் கடக்க அதற்கு இரண்டு நிமிடம் அளவில் போதும். மூடாத குழியின் அடியிலிருந்து விளிம்புக்கு வர இரண்டு நிமிடம். உடைத்தலும் மணியில் ஒட்டுதலும் சேர்ந்து ஒரு மணித்தியாலம் எடுக்கும் முறையில் மூடி இல்லாமல் எதுவும் தங்காது. மூடி இல்லாத முறைகளும் உண்டு. 2015இல் வெளியான சைட்டோசெக், அதன் வழிவந்த பி.டி. ரப்சடி கருவி ஆகியவை உடைக்கும் கரைசலை மேலால் ஓடவிட்டு, பெரிய மணி சிறிய குழியை ஏறத்தாழ நிறைத்து நிற்பதையும் நேரம் மிகக் குறைவாக இருப்பதையும் நம்புகின்றன. ரப்சடியில் உடைத்தல் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை ஐந்தாக்குபவர் மூடியில்லாத குழியில் பரவலுக்கு நேரம் கொடுக்கிறார்.

செக்-வெல்லின் மூடி, 10 நனோமீற்றர் துளைகள் கொண்ட பொலிகாபனேற்று மென்சவ்வு. கலத்தை உடைக்கும் குவானிடீன் போன்ற சிறு மூலக்கூறுகளும் உப்பும் துளை வழியே உள்ளே போகும், நீண்ட ஆர்.என்.ஏ பெரிதாக வெளியே வராது. மென்சவ்வைப் பிளாஸ்மாவில் வைத்துப் பரப்பை மாற்றி, ஈரமாகவே தகட்டின்மேல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கமாக இறக்க வேண்டும். நடுவில் போட்டால் காற்று அடைபடும். சுருக்கம் விழுந்தால் இழுத்துச் சரிசெய்ய முயலாதீர்கள்; இழுக்கும்போது வரப்பிலிருந்த நீர் பம்புபோல் குழிகளுக்கிடையே ஓடும், கலங்களும் எழும்பும். உடைக்கும் கரைசல் இன்னும் சேர்க்காத நிலையில் புதிய மென்சவ்வு மாற்ற நேரம் இருக்கிறது. பிறகு கிளாம்பில் இறுக்கி 37 பாகையில் 30 முதல் 40 நிமிடம். மின்சாரம் போய் வெப்பப்பெட்டி ஆறினால் நேரத்தைக் கூட்டலாம், கிளாம்பைத் திறந்து பார்க்கக்கூடாது.

காற்றின் ஈரப்பதன் இந்தக் கட்டத்தில் இரண்டு விதமாகத் தலையிடும். மாரியில், 30 பாகையும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள அறையில், பனிபடுநிலை ஏறத்தாழ 26 பாகை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து 4 பாகையில் எடுத்த தகடோ மென்சவ்வோ மேசையில் வைத்த நொடியே வேர்க்கும். மென்சவ்வின் அடியில் படிந்த அந்த நீர்த்துளிகள் வரப்புக்கும் மூடிக்கும் இடையே படலமாக நிற்கும். ஏசி அறையிலும் 4 பாகைப் பொருள் வேர்க்கும். எனவே உறையோடு அறைவெப்பம் வரும்வரை காத்திருந்து பிறகே உறையைத் திறக்க வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் தொல்லை எதிர்ப்பக்கம். வறண்ட காற்றில் தகட்டின் ஓரம் விரைவில் காயும், பி.டி.எம்.எஸ் நீராவியைத் தன்னூடாகவும் கடத்தும். ஓரக் குழிகள் காய்ந்தால் மென்சவ்வு ஓரத்திலிருந்து கிளம்பும், கிளம்பிய இடத்திலிருந்து கசிவு உள்ளே நகரும். கிளாம்போடு சேர்த்து ஈரப்பஞ்சு வைத்த மூடிய பெட்டிக்குள் வைத்தால் போதும். கச்சான் கொண்டுவரும் தூசும் சும்மா விடாது: 10 மைக்ரோமீற்றர் மணல் துகள் ஒன்று மென்சவ்வின் அடியில் சிக்கினால் அதைச் சுற்றிய பல குழிகள் ஒன்றோடொன்று திறந்துகொள்ளும். மின்விசிறிக்குக் கீழே மூடி ஒட்டும் வேலை வேண்டாம்.

மென்சவ்வுக்குப் பதில் எண்ணெயால் மூடும் கருவிகளும் உண்டு, எண்ணிமப் பி.சி.ஆர் தகடுகளும் நொதியச் செயற்பாட்டை ஒற்றைக் கலத்தில் அளக்கும் தகடுகளும் பெரும்பாலும் இந்த வகை. புளோரினேற்றிய எண்ணெய் நீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தியானது, இருந்தும் குழிக்குள் இறங்காது. இந்த அளவில் எடையைவிட மேற்பரப்பு இழுவிசைதான் ஆட்சி செய்கிறது. அதற்குக் குழியின் உட்சுவர் நீரை விரும்ப வேண்டும், வரப்பின் மேற்பரப்பு நீரை விலக்க வேண்டும். இரண்டும் மாறிப்போனால் எண்ணெய் உள்ளே, நீர் வெளியே. எண்ணெயை மிக வேகமாக ஓடவிட்டால் குழியிலிருந்து நீரை இழுத்துக்கொண்டு போகும்; மிக மெதுவாக விட்டால் வரப்பில் நீர்ப்படலம் எஞ்சி இரண்டு குழிகளைப் பாலமாக இணைக்கும். சரியான வேகத்தைத் தகட்டுக்குத் தகடு சாயத்தால் கண்டுபிடிக்க வேண்டியதுதான். இன்னொன்று: எண்ணெய் ஆர்.என்.ஏயைத் தடுக்கும், எல்லாவற்றையும் தடுக்காது. நொதியப் பரிசோதனைகளில் பயன்படும் ரெசொரூபின் என்ற செந்நிறச் சாயம், எண்ணெயிலுள்ள மேற்பரப்புச் செயலியின் நுண்துளிகளில் ஏறி அடுத்த குழிக்குப் போய்விடும். அல்புமின் சேர்த்தால் இது தாமதமாகும். மென்சவ்வு முறையில் எதிரியாக இருந்த அதே அல்புமின் இங்கே நண்பன்.

உடைத்தல், ஒட்டுதல், திறத்தல்

மூடியபின் 5 மோலர் குவானிடீன் தயோசயனேற்று, சார்கோசில், மேர்கப்டோஎதனோல் கொண்ட கரைசலில் ஏறத்தாழ 20 நிமிடம். கலம் உடையும், ஆர்.என்.ஏயைச் சிதைக்கும் நொதியங்களும் செயலிழக்கும். பிறகு 2 மோலர் சோடியம் குளோரைட்டுக் கரைசலில் 40 நிமிடம். அதிக உப்பில்தான் தூது ஆர்.என்.ஏயின் வால் மணியின் இழையில் உறுதியாக ஒட்டும். முதற் கரைசலிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது தகட்டை ஆட்டுவது, பிப்பெட்டால் மென்சவ்வின்மேல் நேரே பீய்ச்சுவது இரண்டும் கெடுதல்.

மூடியைக் கழற்றும் நேரம் கவனம் குறைவாகவும் ஆபத்து அதிகமாகவும் உள்ள நேரம். மணியில் ஒட்டாத ஆர்.என்.ஏ அப்போதும் குழிகளில் மிதக்கும். மணிகளில் வெறும் இழைகள் கோடிக்கணக்கில் காத்திருக்கும். மூடி போனவுடன் எல்லாம் ஒரே குளத்தில். இங்கே காப்பது மூன்று: பெரிய கனவளவுக் கரைசலில் உடனே ஐதாக்குவது, குளிர், உப்பு. உப்புக் குறைந்த கரைசலிலோ வெறும் நீரிலோ, 30 பாகை மேசையில் மணிகளைக் கழுவினால் ஒட்டியிருந்த ஆர்.என்.ஏயும் கழன்று வேறு மணியில் ஏறும். அதிக உப்பில், பனியில், தாமதிக்காமல் எடுத்து, ஆர்.என்.ஏயை டி.என்.ஏவாகப் படியெடுக்கும் தலைகீழ்ப் படியெடுப்புக்கு நேரே போக வேண்டும். அது முடிந்த பிறகு செய்தி மணியோடு இரசாயனப் பிணைப்பில் நிற்கும், இனி இடம் மாறாது. தேநீர் குடிக்கப் போவதானால் அதற்குப் பிறகு. அந்த நிலையில் மணிகளை 4 பாகையில் வைத்து வேறு ஊருக்கும் அனுப்பலாம்.

ஆனால் குழிக் கதை முடிந்தாலும் கலப்படக் கதை முடியவில்லை. மணியில் எஞ்சிய வெறும் இழைகள் பி.சி.ஆரில் தொடக்கிகளாக நடந்து ஒரு கலத்தின் செய்திக்கு இன்னொரு கலத்தின் பார்கோட்டைப் பூட்டும். எக்சோநியூக்கிளியேஸ் 1 நொதியத்தால் அவற்றை முதலில் அறுத்துவிட வேண்டும். ஒரு குழாயில் 2,000 மணிக்கு மேல் போடாமலும் பி.சி.ஆர் சுற்றுகளைத் தேவைக்கு மேல் கூட்டாமலும் இருந்தால் ஒட்டு மாறுவது குறையும். வரிசைப்படுத்தும் இயந்திரத்தில், மாதிரியை அடையாளம் காட்டும் சுட்டிகளிடையே நடக்கும் மாற்றம் குழிக்குக் குழியல்ல, மாதிரிக்கு மாதிரி நடப்பது. இரு முனையிலும் தனித்த சுட்டி வைத்தால் அது அடங்கும்.

எந்தக் கதவு என்று கண்டுபிடிப்பது

பார்கோட் மணிகள் தகட்டில் தற்செயலாக விழுகின்றன. எந்தப் பார்கோட் எந்தக் குழியில் இருந்தது என்று தரவு சொல்லாது. ஆகவே அயற்குழிக் கசிவையும் மிதக்கும் ஆர்.என்.ஏயையும் தரவை மட்டும் வைத்து உறுதியாகப் பிரிக்க முடியாது. சூப்எக்ஸ், டிகொன்ட்எக்ஸ், செல்பென்டர் போன்ற மென்பொருள்கள் மாசு ஒரு பொதுக் குளத்திலிருந்து எல்லாருக்கும் ஒரே கலவையில் வருகிறது என்ற எடுகோளோடு வேலை செய்கின்றன. மிதக்கும் ஆர்.என்.ஏக்கு அது நல்ல எடுகோள். ஒரு மூலையில் மூடி தூக்கிய தகட்டுக்கு அல்ல; அங்கே மாசு அயலவர் யார் என்பதைப் பொறுத்தது. மென்பொருள் துடைத்துத் தரும் என்று மூடியில் கவனக்குறைவாக இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூடியை மூடியாகச் சோதிக்கச் சாயம்தான் வழி. மென்சவ்வு முறைக்குச் சாதாரண புளோரசீன் உதவாது. அது துளை வழியே தானே வெளியேறும். 5 இலட்சம் டால்டன் அளவான டெக்ஸ்டிரனில் ஒட்டிய புளோரசீனை எடுங்கள். அதன் ஆரை ஏறத்தாழ 15 நனோமீற்றர், ஆர்.என்.ஏக்குக் கிட்டிய பருமன். கலமில்லாத தகட்டில் அதை நிரப்பி, வழக்கம்போல் மூடி, மேலே கழுவிப் பார்த்தால் ஒவ்வொரு குழியும் கூரிய விளிம்போடு பச்சைச் சதுரமாகவும் வரப்பு கறுப்பாகவும் தெரிய வேண்டும். வரப்பும் மங்கலாக ஒளிர்ந்தால் அங்கே நீர்ப்படலம் இருக்கிறது. அடுத்து ஒரே ஒரு குழியின்மேல் ஒளியைக் குறுக்கி, முழு வலுவில் அதன் சாயத்தை எரித்து இருளாக்கி, விளக்கை அணைத்துவிட்டு அரை மணித்தியாலம் விடுங்கள். மூடி சரியென்றால் அந்தக் குழி இருட்டாகவே இருக்கும். கசிவிருந்தால் அயற்குழிகள் மங்கி இது மெல்ல ஒளிரும். எந்தப் பக்கத்துக் குழி அதிகம் மங்கியது என்பதே எந்தப் பக்கம் கசிகிறது என்பதற்கு விடை. நடுவில் ஒன்று, நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்று செய்தால் ஒரு தகட்டுக்குப் போதும்.

மிதக்கும் ஆர்.என்.ஏயை அளக்க, ஏற்றுவதற்குத் தயாரான கரைசலில் ஒரு பங்கை மையநீக்கி, கலமில்லாத மேற்கரைசலை மட்டும் மணிகளோடு தனித் தகட்டில் ஏற்றி மற்ற எல்லாக் கட்டத்தையும் செய்யலாம். அதில் கிடைப்பது மிதப்பது மட்டும். உண்மைத் தகட்டின் வெறுங்குழி மணிகளில் இதைவிட அதிகம் கிடைத்தால், அந்த மிச்சம் கருவிக்குள் நடந்த கசிவு.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க இரண்டு இனக் கலப்புச் சோதனை. மனிதக் கலமும் சுண்டெலிக் கலமும் சரிபாதி கலந்து ஏற்றி, ஒவ்வொரு பார்கோட்டிலும் இரண்டு இனத்தின் மூலக்கூறுகளையும் வரைபில் குறிப்பார்கள். அச்சை ஒட்டிய இரண்டு கைகள் தனிக்கலங்கள். நடுவில் நிற்பவை ஒரே குழியில் விழுந்த இரட்டைகள். ஒரே இனத்து இரட்டைகள் கண்ணுக்குத் தெரியாததால், உண்மை இரட்டைகள் வரைபில் காண்பவற்றைப்போல் இரு மடங்கு. கைகள் அச்சிலிருந்து விலகிச் சாய்ந்திருந்தால் அது கசிவு அல்லது மிதப்பு. மாசு மூலக்கூறுகளின் எண்ணிக்கை கலம் சிறிதோ பெரிதோ ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தால் மிதப்பைச் சந்தேகியுங்கள்; கலத்துக்குக் கலம் தாறுமாறாக மாறினால் மூடியைச் சந்தேகியுங்கள். மாசு மூலக்கூறு ஒவ்வொன்றையும் ஒரே ஒரு வாசிப்புத்தான் தாங்குகிறது, உண்மையானவற்றுக்கு வாசிப்புகள் பல என்றால் குற்றவாளி பி.சி.ஆர், தகட்டைத் தொட வேண்டாம்.

சுண்டெலிக் கலவளர்ப்பு வைத்திருக்க வசதியில்லாத இடத்தில் கோழிக் குருதி நல்ல மாற்று. பறவைகளின் செங்குருதிக் கலங்களில் கரு உண்டு, கோழியின் மரபணுத்தொகுதியும் 2004இலேயே வெளியாகிவிட்டது. அவற்றின் ஆர்.என்.ஏயில் ஈமோகுளோபினின் பங்கு மிகப் பெரிது என்பதால் கசிவு எவ்வளவு சிறிதென்றாலும் மனிதக் கலங்களின் பக்கம் அது உடனே தலைகாட்டும். ஆனால் கோழிக் கலத்தின் மொத்த ஆர்.என்.ஏ குறைவு, ஆகவே இரட்டைகளை எண்ண இதை நம்ப வேண்டாம், கசிவைப் பிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் குறைவென்றால் முதலில் சாயச் சோதனை, பிறகு மேற்கரைசல், கடைசியில் இரண்டு இனம். சாயத்துக்கு வரிசைப்படுத்தும் செலவே இல்லை. தகடுகளை வார்க்கும் ஒவ்வொரு தொகுதியிலும், மென்சவ்வின் ஒவ்வொரு புதிய பொதியிலும் ஒரு தகட்டைச் சாயத்துக்கென்று ஒதுக்குங்கள். மாரியில் ஒரு முறையும் கச்சானில் ஒரு முறையும் அதே சோதனையைத் திரும்பச் செய்து, அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் படத்தோடு சேர்த்துப் பதிந்து வையுங்கள்.